ஆறாம் படியில் ஒரு ஜப்பான் பொம்மை!

காரைக்குடிக்கு அவர் போனது ஒரு கல்யாணத்துக்கு. முகூர்த்தம் காலை ஏழரைக்கே முடிந்துவிட்டது. மதுரைக்குத் திரும்ப மதியம்தான் வண்டி. நடுவில் கிடைத்த மூன்று மணி நேரத்தில் பேத்தி அவரைப் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குக் கூட்டிப் போனாள்.

அந்தத் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் ஒரு பக்கம். எனாமல் தூக்குகள், பீங்கான் ஜாடிகள், ரவிவர்மா படங்கள், சாவி தொலைந்த பூட்டுகள் இன்னொரு பக்கம். மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போய்ச் சம்பாதித்தவர்கள் கப்பலில் கொண்டுவந்த பொருள்களெல்லாம் இரண்டு மூன்று தலைமுறைக்குப் பிறகு அங்கே வந்து குவிகின்றன.

அவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வயது அறுபத்தெட்டு. கடை கடையாக ஏறி இறங்குவதில் அவருக்கு ஆர்வம் கிடையாது. ஒரு கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டு தெரிந்தது. காலியான மருந்து பாட்டில்களுக்கும் ஓடாத கடிகாரத்துக்கும் நடுவே ஒரு பீங்கான் பொம்மை.

ஒரு சாண் உயரம்கூட இல்லை. கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். உச்சியில் கொண்டை, வெள்ளை முகம், மெல்லிய கோடாகக் கண்கள். மடியில் ஏதோ வாத்தியம். இடுப்பில் நீலப் பட்டை.

எழுந்து நின்றார். அம்மா வீட்டுக் கொலுவில் இதே பொம்மை இருந்தது. அதில் பட்டை மட்டும் பச்சை.

கடைக்காரர் ஆயிரத்து எண்ணூறு சொன்னார். “பழசும்மா. செட்டியார் வீட்டு அயிட்டம். சீனாவோ ஜப்பானோ, கண்டிப்பா நூறு வருஷம் இருக்கும்” என்றார். பேத்தி பேசி ஆயிரத்து இருநூறுக்கு வாங்கினாள். பொதுவாகக் கத்தரிக்காய்க்கே இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்கும் பாட்டி, இங்கே பேரம் பேசவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

வண்டியில் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை.

ரங்கூன் தாத்தாவின் பொம்மை

அந்த வீட்டுக் கொலுவில் ஏழு படிகள். மேல்படிகளில் தெய்வங்கள். கீழ்ப்படிகளில் செட்டியாரும் செட்டிச்சியும், கல்யாண ஊர்வலம், போலீஸ்காரர், காய்கறிக் கடை. ஆறாம் படியில், செட்டிச்சி பக்கத்தில், ஜப்பான் பொம்மை.

அம்மா அதற்கு ஒரு கதை சொல்வார். தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதியவர். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது, கப்பல் கிடைக்காமல் லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் தாத்தாவும் ஒருவர். பெட்டி படுக்கையை வழியிலேயே போட்டுவிட்டு, வேட்டி மடிப்பில் இந்த ஒரு பொம்மையை மட்டும் முடிந்துகொண்டு வந்தாராம். கொலு பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா இதைச் சொல்வார். கேட்கிறவர்கள் பொம்மையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சுண்டல் வாங்கிக்கொள்வார்கள்.

1967-ல் சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் அது உடைந்தது.

டீச்சருக்கு அப்போது பதினோரு வயது. பொம்மையைத் தூக்கினால் கனமே இருக்காது. உள்ளே என்ன இருக்கிறது, அடியில் ஏன் ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பதற்காகத் தலைகீழாகப் பிடித்தார். கை ஈரம். சத்தம் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து வருவதற்குள், எட்டு வயதுத் தங்கை ஓடிவந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் எது உடைந்தாலும் தங்கைதான் உடைத்திருப்பாள் என்பது அம்மாவின் கணக்கு. இரண்டு அறை விழுந்தது. தங்கை அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாள் சொல்லலாம் என்று இருந்தார். மறுநாளும் சொல்லவில்லை. பிறகு கல்லூரி, வேலை, கல்யாணம், குழந்தைகள். தங்கை கோயம்புத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். அம்மாவின் கடைசி நான்கு வருஷமும் தங்கை வீட்டில்தான் கழிந்தது. அக்கா தங்கைக்குள் சண்டை எதுவும் கிடையாது. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பேசிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

அதனால்தான் காரைக்குடியில் அவர் பேரம் பேசவில்லை. இது தாத்தா கொண்டுவந்த அதே வகைப் பொம்மைதானா, அந்தக் காலத்தது தானா என்று நிச்சயமாகத் தெரிந்தால், தங்கைக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது சொல்லியும் விடலாம்.

கையில் இருப்பது என்ன?

பேத்தி மொபைலில் படம் எடுத்துத் தேடினாள். ‘கெய்ஷா பொம்மை’ என்றது ஒரு பதில். ‘சீன இளவரசி’ என்றது இன்னொன்று. ஒன்று விளக்கு விற்கும் பக்கத்துக்குக் கூட்டிப் போனது.

டீச்சருக்கு இந்த முறை பிடிக்கவில்லை. “முதல்ல எது இல்லைன்னு பார்ப்போம். மிச்சம் இருக்கறதுதான் விடை” என்றார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் சொன்ன அதே வாக்கியம்.

முதலில் வாத்தியம். ஜப்பானில் கெய்ஷா பெண்கள் வாசிக்கும் ஷாமிசெனுக்கு நீண்ட கழுத்து, சதுரமான சின்ன உடம்பு, மூன்று தந்திகள். பொம்மையின் மடியில் இருந்ததோ பேரிக்காயைப் பாதியாக வெட்டியது போன்ற வாத்தியம். தலைப்பகுதி பின்பக்கமாக வளைந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பொன் கோட்டில் நான்கு தந்திகள். அது பிவா என்னும் ஜப்பானிய வீணை. ஆக, கெய்ஷா இல்லை.

அடுத்து, வலது முழங்கால் பக்கத்தில் வெள்ளையாகச் சுருண்டு கிடந்த ஒன்று. புடவைத் தலைப்பு போல ஏதோ துணி என்றுதான் இருவரும் நினைத்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்ததும் அதில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கண்கள். துணி இல்லை, வெள்ளைப் பாம்பு.

பிவாவும் வெள்ளைப் பாம்பும் சேர்ந்தால் ஜப்பானில் ஒரே ஒருத்திதான். பென்சாய்தென். அதாவது நம் சரஸ்வதி!

இது சும்மா ஒப்புமைக்குச் சொல்வது இல்லை. பௌத்த நூல்களோடு இந்தியாவிலிருந்து சீனாவுக்கும், அங்கிருந்து ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே ஜப்பானுக்கும் போய்ச் சேர்ந்தவள் சரஸ்வதி. பெயரின் கடைசியில் இருக்கும் ‘தென்’ என்பது ‘தேவ’ என்பதற்கு அவர்கள் எழுதும் எழுத்து. ஆரம்பத்தில் எட்டுக் கைகளில் ஆயுதம் ஏந்தியவளாக வடித்தார்கள். பிறகு இரண்டு கையும் பிவாவுமாக மாறினாள். நம் ஊரில் அவள் ஒரு நதியின் பெயரும் அல்லவா? அங்கேயும் தண்ணீரை விடவில்லை. ஏனோஷிமா, சிக்குபுஷிமா, இட்சுகுஷிமா என்று அவளுடைய பெரிய கோயில்கள் மூன்றும் தீவுகளில்தான் இருக்கின்றன. ஜப்பானியர் கொண்டாடும் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒரே பெண் இவள். அந்த ஏழில் இவளோடு சேர்த்து மூன்று பேர் இந்தியாவிலிருந்து போனவர்கள். மற்ற இரண்டு பேர், மகாகாளனும் குபேரனும். கடைகளில் ‘சிரிக்கும் புத்தர்’ என்று விற்கும் தொப்பைக்காரரும் அந்த ஏழு பேரில் ஒருவர்தான். அவர் புத்தர் இல்லை, ஹோதேய் என்ற சீனத் துறவி.

டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா வருஷா வருஷம் மூன்றாம் படியில் சரஸ்வதியை வைத்துப் பூ சாத்துவார். அதே சரஸ்வதி ஆறாம் படியில் செட்டிச்சி பக்கத்தில் பூ இல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்!

அடியில் இருக்கும் நான்கு சொற்கள்

யார் என்று தெரிந்துவிட்டது. எப்போது செய்தது என்பதுதான் பாக்கி.

பழைய ஜப்பான் பீங்கான் உங்கள் வீட்டிலும் இருந்தால் முதலில் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். முகத்தைவிட அடிப்பக்கம் அதிகம் பேசும்.

அடியில் ஓட்டை இருந்தால், கூழ் மாதிரி கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிச் செய்தது என்று அர்த்தம். அச்சின் சுவரில் ஒட்டும் மண் கெட்டியானதும் நடுவில் மிஞ்சும் கூழைக் கொட்டிவிடுவார்கள். உள்ளே கூடாகிவிடும். சூளையில் உள்காற்று விரிந்து பொம்மை வெடிக்காமல் இருக்கத்தான் அந்த ஓட்டை. பதினோரு வயதில் தலைகீழாகப் பிடித்துத் தேடிய விடை, டீச்சருக்கு அறுபத்தெட்டாம் வயதில் கிடைத்தது.

ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான பொம்மைகள் வரும். வண்ணத்தை மட்டும் ஆட்கள் ஒவ்வொன்றாகக் கையால் தீட்டுவார்கள். ஒன்றுக்குப் பச்சைப் பட்டையும் இன்னொன்றுக்கு நீலப் பட்டையும் வந்தது அப்படித்தான். நாகோயா நகருக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டோ என்ற ஊர் இந்த வகைப் பொம்மைகளுக்குப் பேர்போனது. அந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் ஜப்பானிய மொழியில் பீங்கானுக்கே ‘செட்டோமோனோ’ என்ற பெயர் வந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் பொம்மைகள் வருவது நின்றுபோக, வெளிநாடுகள் ஜப்பான் பக்கம் திரும்பின. செட்டோவின் சூளைகள் அதில்தான் வளர்ந்தன.

அடுத்தது முத்திரை. வெளிநாட்டுச் சரக்கில் அது எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும் என 1891-ல் அமெரிக்கா சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்போது ஜப்பானியர் தங்கள் நாட்டுப் பெயரை ‘நிப்பான்’ என்று எழுதினார்கள். அது ஆங்கிலச் சொல் இல்லை என்று 1921-ல் அமெரிக்கச் சுங்கத்துறை முடிவு செய்தது. அதன்பிறகு ‘ஜப்பான்’, ‘மேட் இன் ஜப்பான்’ என்று வந்தது. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான், நேச நாடுகளின் ராணுவத்தின் கீழே இருந்தது. 1947-ல் மறுபடியும் வெளிநாட்டு வியாபாரம் தொடங்கியபோது பல பொருள்களில் ஒரு சொல் கூடியது. ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்.’ ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான். 1952 ஏப்ரல் 28-ல் அந்த ஆட்சி முடிந்ததும் அந்தச் சொல்லும் போய்விட்டது. கைக்கெட்டும் பொருளில் ஐந்தே வருஷ இடைவெளியைத் துல்லியமாகக் காட்டும் முத்திரை இது.

டீச்சரின் பொம்மை அடியில் முதல் வரியில் ‘மேட் இன்’, கடைசி வரியில் ‘ஜப்பான்’. நடுவே கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு. பழைய பொம்மைகள் சிலவற்றில் சுடாமல் மேலாகத் தீட்டிய வண்ணம் இருக்கும். தேய்த்தால் போய்விடும். அதனால் சீட்டை மட்டும் ஈரப் பஞ்சால் ஊறவைத்து அரை மணி நேரம் கழித்து எடுத்தார்கள்.

பேத்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள். “ஆக்குபைட்... பாட்டி, நடுவுல ஆக்குபைட்னு இருக்கு!”

இந்த முத்திரையைப் போலியாகக் குத்தி விற்பவர்களும் உண்டு. மேலாகக் குத்திய மை, நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். மெருகுக்கு அடியில் வைத்துச் சுட்டது அசையாது. பேத்தி தன் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துவந்து பஞ்சால் ஒற்றித் துடைத்தாள். சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது.

அசல்தான். அதற்காக லட்ச ரூபாய் பெறும் என்று நினைக்க வேண்டாம். இந்த வகைப் பொம்மைகள் ஏராளமாகச் செய்யப்பட்டவை. டீச்சர் கொடுத்த ஆயிரத்து இருநூறு கொஞ்சம் அதிகமாகக்கூட இருக்கலாம்.

அவர் கவலை விலை பற்றியது அல்ல. 1942-ல் நடந்து வந்த தாத்தா, 1947-க்குப் பிறகு செய்த பொம்மையை எப்படிக் கொண்டுவந்திருக்க முடியும்? அம்மாவின் பொம்மை போருக்கு முந்தையது, அதே அச்சில் பின்னாலும் செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால்... அதற்கு மேல் அவர் யோசிக்க விரும்பவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வந்த படம்

அன்று இரவு பொம்மையின் படத்தைத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ‘காரைக்குடியில் கிடைத்தது. ஞாபகம் இருக்கிறதா?’ என்று மட்டும் எழுதினார்.

ஒரு மணி நேரம் கழித்துத் தங்கையிடமிருந்து பதிலுக்கு ஒரு படம் வந்தது. மஞ்சள் துணியின் மேல் உடைந்த பீங்கான் துண்டு ஒன்று. ஓட்டை. ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு எழுத்து. மூன்று வரி. நடு வரியில் அதே சொல்.

டீச்சர் உடனே போன் போட்டார்.

“இது எப்படி உன்கிட்ட?”

“அம்மா டிரங்குப் பெட்டியில இருந்துச்சு. மத்த துண்டையெல்லாம் போட்டுட்டு அடித்துண்டை மட்டும் எடுத்து வச்சிருக்காங்க.”

“அப்போ தாத்தா ரங்கூன்ல இருந்து...”

“தாத்தா எதுவும் கொண்டு வரலக்கா. கட்டியிருந்த வேட்டியோட வந்து சேர்ந்தாரு. அம்மா கடைசியில எங்கிட்டச் சொன்னாங்க.”

நடந்தது இதுதான். கல்யாணமான புதிதில் அம்மாவும் அப்பாவும் கொஞ்ச காலம் சென்னையில் குடித்தனம் இருந்தார்கள். மாசச் செலவில் காலணா, அரையணாவாக அம்மா மிச்சம் பிடித்து வைத்திருந்த காசு. ஒருநாள் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் இந்தப் பொம்மையைப் பார்த்தார். மூன்றே முக்கால் ரூபாய். வாங்கிவிட்டார். வாங்கிய பிறகு பயம் வந்தது. ஊரில் மாமியார். பொம்மைக்குப் போய் மூன்றே முக்கால் ரூபாயா என்று கேட்டால் என்ன சொல்வது? நவராத்திரிக்கு ஊருக்குப் போனபோது, இது எங்கள் அப்பா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது, பிறந்த வீட்டுப் பெட்டியில் இருந்தது என்று சொல்லிவிட்டார். தாத்தா அதற்குள் காலமாகியிருந்தார். யாரும் போய்க் கேட்க முடியாது. நடந்து வந்தவரின் பொம்மை என்றதும் மாமியாரே கொலுவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

ஒரு தடவை சொன்னதை வருஷா வருஷம் சொல்லவேண்டியதாகிவிட்டது.

“அம்மா தனக்குன்னு ஆசைப்பட்டு வாங்குன ஒரே சாமான் அதானாம்” என்றார் தங்கை. “அதான் அன்னிக்கு அப்படி அடிச்சிட்டேன்டீன்னு சொல்லி, எங்கையப் பிடிச்சிக்கிட்டு அழுதாங்க.”

டீச்சரால் பேச முடியவில்லை. சொல்ல வேண்டியதைப் பல வருஷமாக மனதுக்குள் கோத்து வைத்திருந்தார். இப்போது பாதிதான் வந்தது. “அன்னிக்கு அதை உடைச்சது...”

“தெரியும்க்கா. நான் வாசப்படியிலதானே நின்னேன்.”

“அம்மாகிட்டச் சொன்னியா?”

“இல்ல. நீ சொல்லுவன்னு பார்த்தேன். அம்மா இருக்கற வரைக்கும் பார்த்தேன்.”

தங்கை இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று டீச்சருக்குத் தோன்றியது. “தப்புதான்” என்றார். “நவராத்திரிக்கு வர்றியா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “வர்றேன். அந்தத் துண்டையும் எடுத்திட்டு வர்றேன்” என்றார் தங்கை.

மூன்றாம் படியா, ஆறாம் படியா?

தங்கை கொலுவின் இரண்டாம் நாள் வந்தார். அதற்கு முன்பே டீச்சர் படிகட்டி முடித்திருந்தார். மூன்றாம் படியில் சரஸ்வதிக்குப் பக்கத்தில் ஜப்பான் பொம்மை. தெய்வம் என்று தெரிந்த பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை. சின்னதாக ஒரு சரம் மல்லிகையும் வைத்திருந்தார்.

தங்கை பையை இறக்கிவைத்துவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டு வந்து கொலுவைப் பார்த்தார். பென்சாய்தென், வெள்ளைப் பாம்பு, தீவுக் கோயில் எல்லாவற்றையும் பேத்தி சொல்ல, கேட்டுக்கொண்டார். பிறகு கை நீட்டிப் பொம்மையை எடுத்தார். தலைகீழாகத் திருப்பி, கொண்டுவந்த துண்டை அதன் அடியோடு பொருத்திப் பார்த்தார். ஓட்டைக்கு ஓட்டை சரியாக இருந்தது.

“சாமியாவே இருக்கட்டும். அம்மா வச்ச இடம் ஆறாம் படிதான்” என்று சொல்லி, செட்டிச்சி பக்கத்தில் கொஞ்சம் இடம் பண்ணி உட்கார வைத்தார். மல்லிகைச் சரத்தை எடுக்கவில்லை. அதையும் சேர்த்தே கீழே கொண்டுவந்தார்.

கொலுவில் உடைந்த பொருளை வைப்பதில்லை. அடித்துண்டை மஞ்சள் துணியில் முடிந்து, கொலுப்படிக்குப் பின்னால் பலகைக்கு அடியில் அக்காவே வைத்தார்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் தன் மகளோடு வெற்றிலை பாக்கு வாங்க வந்தாள். குழந்தை ஆறாம் படியைக் காட்டி, “இது என்ன பொம்மை ஆன்ட்டி?” என்று கேட்டது.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர்தான் பதில் சொன்னார்.

“இது எங்க அம்மாவோட பொம்மை மாதிரியே ஒண்ணு. அதை அவங்களே சொந்தக் காசுல வாங்குனாங்க. மூர் மார்க்கெட்ல, மூணே முக்கால் ரூபா.”

“அது எங்கே?”

“நான் உடைச்சிட்டேன்” என்றார் டீச்சர்.

தங்கை சுண்டல் எடுக்க அடுக்களைக்குள் போனார்.